புது டிஸ்க் வந்திருக்கிறது, மாற்றலாமா? பெட்டியை விட்டு மாஸ்டரைப் பார்க்க ஒரு வழிகாட்டி

ஒரே படத்தை டிவிடியில் ஒருமுறை வாங்கியாயிற்று, ப்ளூரேயில் இன்னொருமுறை. இப்போது 4கே என்று மூன்றாவது டிஸ்க் வந்து நிற்கிறது. வாங்குவதா, இருப்பதே போதுமா என்று முடிவெடுக்கப் பெரும்பாலானோர் பெட்டியின் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். முகப்பு சொல்வது குடத்தின் அளவை மட்டும். உள்ளே ஊற்றியிருப்பது புதுத் தண்ணீரா, இருபது வருஷத்துப் பழைய தண்ணீரா என்பதை அது சொல்லாது. அந்தத் தண்ணீருக்குப் பெயர் மாஸ்டர்: நெகட்டிவிலிருந்தோ பிரின்ட்டிலிருந்தோ ஸ்கேன் செய்து, தூசு நீக்கி, நிறம் சரிசெய்து, டிஸ்க்குக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கும் முழுப்படக் கோப்பு.

புதியது என்றாலே மேல் என்று நினைப்பவர்களுக்குப் பிரிடேட்டர் நல்ல பாடம். 1987-ல் வந்த அந்தப் படத்துக்கு 2008-ல் முதல் ப்ளூரே வந்தது. பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கியது. கிரெய்ன், அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடிப்பொடியான சொரசொரப்பு, கொட்டிக் கிடக்கும். 2010-ல் ‘அல்டிமேட் ஹன்டர் எடிஷன்’ என்று மறுபடி வந்தது. காகிதத்தில் எல்லாம் மேம்பட்டிருந்தது. திரையிலோ கிரெய்னைத் துடைக்கிறேன் என்று தோலின் துளைகளையும் சேர்த்துத் துடைத்திருந்தார்கள். காட்டுக்குள் வேர்வை வழிய நிற்கும் வீரர்கள் மெழுகு பொம்மைகளாகத் தெரிந்தார்கள். பழைய டிஸ்க்கே மேல் என்று பலரும் அதற்கே திரும்பினார்கள்.

முதலில் டிவியைச் சரிசெய்யுங்கள்

டிஸ்க்கைக் குறைசொல்லும் முன் டிவியின் பட அமைப்புக்குள் போங்கள். ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்ற பயன்முறையைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சல் நீக்கத்தையும், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணையுங்கள். ஷார்ப்னஸை டிவி எதையும் கூட்டாத நிலைக்குக் குறையுங்கள். பல டிவிகளில் அது பூஜ்யம், சிலவற்றில் நடுப்புள்ளி. படத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேனையும் நிறுத்துங்கள். ‘இந்த டிஸ்க்கில் முகமெல்லாம் பிளாஸ்டிக்’ என்ற புகார்களில் கணிசமானவை டிவியே செய்யும் வேலை. டிவி தானே கிரெய்னைத் துடைத்துக்கொண்டிருந்தால் நல்ல டிஸ்க்கும் கெட்ட டிஸ்க்கும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கையில் இருப்பது என்ன?

டிவிடி என்றால் படத்துக்குக் கிடைப்பது 720×480 புள்ளிகள்; பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை உள்ள நாடுகளின் டிஸ்க்கில் 720×576. ப்ளூரேயில் 1920×1080. 4கே டிஸ்க்கில் 3840×2160. டிவிடியிலிருந்து ப்ளூரேக்குப் போகும் தாவல் கண்ணுக்கு மிகப் பெரியது. ப்ளூரேயிலிருந்து 4கேக்குப் போவது எண்ணிக்கையில் நான்கு மடங்கு என்றாலும், கண்ணுக்கு அவ்வளவு கிடைக்குமா என்பது படத்துக்குப் படம் மாறும்.

டிவிடிகளிலும் இரண்டு சாதி உண்டு. அகலத்திரைப் படத்தைப் பிழிந்து பதித்து, டிவி அதை விரித்துக் காட்டுவது அனமார்ஃபிக். கறுப்புப் பட்டையையும் சேர்த்து 4:3 சட்டத்துக்குள் அடைத்துப் பதித்தது லெட்டர்பாக்ஸ். இரண்டாவது வகை 16:9 டிவியில் நாலு பக்கமும் கறுப்பு சூழ, நடுவில் அஞ்சல் தலை மாதிரி தெரியும். 2.35 விகிதப் படம் (அகலம் உயரத்தைப்போல 2.35 மடங்கு) ஒன்றுக்கு 480 வரிகளில் அனமார்ஃபிக் டிவிடி சுமார் 363 வரிகளைத் தருகிறது. லெட்டர்பாக்ஸ் டிவிடி சுமார் 272 வரிகள்தான். உங்களிடம் இருப்பது லெட்டர்பாக்ஸ் என்றால் மேலே யோசிக்க வேண்டாம், ஓரளவு ஒழுங்கான எந்த ப்ளூரேயும் லாபம்தான்.

கையில் இருப்பது ப்ளூரே என்றால் அது வந்த வருஷத்தைப் பாருங்கள். ப்ளூரே 2006-ல் வந்தது. முதல் மூன்று நான்கு வருஷங்களில் வெளியானவற்றில் பல, டிவிடிக்கும் தொலைக்காட்சிக்கும் என்று முன்பே எடுத்து வைத்திருந்த எச்டி மாஸ்டரை அப்படியே பதித்தவை. மாற்ற வேண்டிய டிஸ்க்குகள் அதிகம் அகப்படும் காலம் அதுதான். 2015-க்குப் பிறகு புதிய 4கே ஸ்கேனிலிருந்து செய்த ப்ளூரே உங்களிடம் இருந்தால், அதே ஸ்கேனை வைத்து வரும் 4கே டிஸ்க் தரும் கூடுதல் முக்கியமாக எச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சோடு காட்டும் முறை) நிறமும்தான்.

படம் எதில் பிடிக்கப்பட்டது, எதில் முடிக்கப்பட்டது?

இதைப் பலரும் கேட்பதே இல்லை, ஆனால் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். கேமராவுக்குள் பதிவானது எதுவோ அதற்கு மேல் எந்த டிஸ்க்காலும் தர முடியாது.

35 எம்எம் ஃபிலிமில் எடுத்து, ஃபிலிமிலேயே வெட்டி ஒட்டி முடித்த படங்கள், அதாவது ஏறக்குறைய 2000-க்கு முந்தியவை, அதிர்ஷ்டசாலிகள். அசல் நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால் 4கே ஸ்கேனில் உண்மையிலேயே புது விவரம் கிடைக்கும். 65 எம்எம் நெகட்டிவ் என்றால் கேட்கவே வேண்டாம்.

2000களின் தொடக்கத்திலிருந்து 2010களின் பிற்பகுதிவரை வந்த படங்களில்தான் ஏமாற்றம் அதிகம். கிராஃபிக்ஸ், நிறச் சரிசெய்தல் எல்லாம் கணினியில் நடந்தன. அந்த இறுதிக் கோப்பு பெரும்பாலும் 2கே, அதாவது 2048 புள்ளி அகலம். ப்ளூரேயின் 1920-க்கும் இதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட படத்தின் 4கே டிஸ்க் அந்த 2கேயை விரித்துத்தான் தருகிறது. கேமரா 3கேயில் பிடித்திருந்தாலும், ஃபிலிமிலேயே பிடித்திருந்தாலும் இதில் மாற்றமில்லை, கிராஃபிக்ஸ் உட்பட எல்லாவற்றையும் மறுபடி செய்தாலொழிய. எச்டிஆரும் நல்ல சுருக்கமும் சேர்ந்து இந்த டிஸ்க்குகளைச் சற்றே மேம்படுத்தலாம்; ‘நான்கு மடங்கு தெளிவு’ என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள்.

இன்னும் கீழேயும் உண்டு. 2002-ல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’ படத்தின் பெரும்பகுதி கேனன் எக்ஸ்எல்1 என்ற மினிDV (சின்ன டிஜிட்டல் வீடியோ டேப்) கேமராவில் பிடிக்கப்பட்டது. அந்தக் கேமரா தந்ததே டிவிடி அளவுப் படம்தான். அந்தச் சொரசொரப்புதான் அந்தப் படத்தின் முகம். டிஸ்க்கை மாற்றி அதை அழகாக்க முடியாது. 2000களின் தொடக்கத்தில் கணினியில் வண்ணமிட்டு, சாதாரண டிவி அளவிலேயே முடித்த அனிமேஷன் தொடர்களுக்கும் இதுவே கதி. அவற்றின் ப்ளூரே விரித்த படம்தான். அதற்கு முந்தைய, கையால் வரைந்து ஃபிலிமில் பிடித்த அனிமேஷன் இதற்கு நேர்மாறு: நெகட்டிவ் இருந்தால் அருமையாக மீளும்.

எந்தப் பிரதியை ஸ்கேன் செய்தார்கள்?

ஃபிலிம் படத்துக்குத் தலைமுறைகள் உண்டு. கேமராவுக்குள் ஓடியது அசல் நெகட்டிவ். அதிலிருந்து இன்டர்பாசிட்டிவ், அதிலிருந்து இன்டர்நெகட்டிவ், கடைசியில் தியேட்டருக்குப் போன பிரின்ட். ஒவ்வொரு படியிலும் விவரம் கொஞ்சம் குறையும், கிரெய்ன் தடிக்கும், இருட்டான இடங்களின் உள்விவரம் அடைபடும். ஆகவே பெட்டியின் பின்பக்கத்தில் தேட வேண்டிய வாசகம் ‘அசல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன்’ என்பதுதான். ‘இன்டர்பாசிட்டிவிலிருந்து 2கே ஸ்கேன்’ என்று எழுதியிருந்தால் அதுவும் நேர்மையான தகவல், நல்ல ப்ளூரேக்குப் போதுமானது. ‘டிஜிட்டல் முறையில் ரீமாஸ்டர் செய்யப்பட்டது’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. எந்த வருஷம், எதிலிருந்து, எத்தனை கே என்ற மூன்றும் இல்லாத வாசகத்தை விளம்பரம் என்று தள்ளிவிடலாம். சொல்லிக்கொள்ளும்படியான ஸ்கேன் செய்தவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

‘4கே ஸ்கேன்’ வேறு, ‘4கே ரெஸ்டொரேஷன்’ வேறு. ஸ்கேனை 4கேயில் எடுத்துவிட்டு, கீறல் நீக்கும் வேலையைச் செலவு கருதி 2கேயில் முடிப்பதும் உண்டு. எல்லாப் படிகளும் 4கேயிலேயே நடந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரே படத்துக்குள்ளும் தரம் மாறலாம். சத்யஜித் ராயின் அப்பு மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகின. 2015-ல் வந்த 4கே மீட்பில், காப்பாற்ற முடிந்த இடங்களை அந்த நெகட்டிவிலிருந்தும், மற்றவற்றை அடுத்த தலைமுறைப் பிரதிகளிலிருந்தும் எடுத்துக் கோத்தார்கள். இப்படிப்பட்ட டிஸ்க்கில் திடீரென்று சில நிமிடங்கள் மங்குவது பதித்தவரின் தவறல்ல.

பழைய படத்தின் டைட்டில் காட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எழுத்து ஓடும் இடங்கள், ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாகும் இடங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் ஆப்டிகல் பிரின்டரில் மறுபிரதி எடுத்தவை. நெகட்டிவிலேயே அவை மங்கலாகத்தான் இருக்கும். டிஸ்க்கைப் போட்டு முதல் ஐந்து நிமிடத்தில் ‘இதுவா 4கே?’ என்று முகம் சுளிப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். எழுத்து நின்று இரண்டு மூன்று வெட்டுகள் போனபின் பார்க்கத் தொடங்குங்கள்.

ஸ்கேனுக்குப் பிறகு என்ன செய்தார்கள்?

நல்ல ஸ்கேனைக் கெடுக்கும் வேலைகள் மூன்று. மூன்றையும் கண்டுபிடிக்க ஒரு நெருக்கக் காட்சியும் ஓர் இடைநிறுத்தப் பொத்தானும் போதும்.

பகல் வெளிச்சத்தில் ஒரு முகம் திரையை நிறைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் கன்னம். கிரெய்ன் என்பது ஃபிலிமின் வெள்ளி உப்புத் துகள்களால் உருவான மெல்லிய சொரசொரப்பு. படமே அதனால்தான் ஆனது. கன்னத்தில் அது பொடியாகப் பரவி, ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கன்னம் பீங்கான் மாதிரி இருந்து, புருவம் மட்டும் தனித்தனி முடியாகத் தெரியாமல் ஒரே பட்டையாகத் தெரிந்தால் இரைச்சல் நீக்கத்தைக் கண்டபடி போட்டிருக்கிறார்கள். அடுத்து பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். ஒரு ஃபிரேமாக நகர்த்துங்கள். முகம் அசையும்போது சுவரின் கிரெய்ன் உறைந்து அப்படியே நின்றால், அல்லது கண்ணாடியில் படிந்த அழுக்கு மாதிரி முகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தால், அதுவும் அதே வியாதி.

இரண்டாவது, செயற்கைக் கூர்மை. வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கம்பம், கட்டட விளிம்பு, கறுப்புக் கோட்டின் தோள் ஆகியவற்றைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் அது வெளிச்சமல்ல, மென்பொருள் வரைந்த கோடு. பழைய குழாய் டிவிகளில் படம் கூர்மையாகத் தோன்றட்டும் என்று செய்த பழக்கம்; டிவிடி காலத்து மாஸ்டரின் அடையாளம். புது டிஸ்க்கிலும் அந்தக் கோடு இருந்தால் மாஸ்டர் பழையது என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது, அண்மைக் காலத்து வியாதி: செயற்கை நுண்ணறிவால் விவரத்தைக் ‘கூட்டுவது’. தொலைவில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒருவரின் கண் மட்டும் வரைந்து வைத்தது போலக் கூராக இருந்து, காது குழம்பியிருக்கும். துணியின் நெசவு புழு நெளிவது போல இருக்கும். பெயர்ப்பலகைகளில் எழுத்து எந்த மொழியும் இல்லாத கிறுக்கலாக மாறியிருக்கும். முதல் பார்வைக்கு இது பளிச்சென்று தெரிவதால் பலரும் ஏமாறுகிறார்கள். மென்மையாகவே விட்ட படம் இதைவிட எவ்வளவோ மேல்.

தானாகத் தூசு நீக்கும் மென்பொருளும் சில சமயம் எல்லை மீறும். ஒரு ஃபிரேமில் மட்டும் தெரியும் புள்ளி எதுவானாலும் அதற்குத் தூசுதான். கிளாடியேட்டரின் 2009 ப்ளூரேயில் தொடக்கப் போர்க்காட்சியின் எரியும் அம்புகள் சிலவற்றையே அது அழித்துவிட்டது. 2010-ல் புது மாஸ்டரோடு மறுபடி வெளியிட்டார்கள். மழை, தீப்பொறி, பறவைக் கூட்டம் உள்ள காட்சிகளில் இதைச் சோதிக்கலாம்.

ஒப்பீட்டுப் படங்களை எப்படிப் பார்ப்பது?

வாங்கும் முன் இணையத்தில் கிடைக்கும் பழைய, புதிய டிஸ்க் ஒப்பீட்டுப் படங்கள் பெரிய உதவி, ஆனால் விதிகள் உண்டு. படம் பிஎன்ஜியாக இருக்க வேண்டும். ஜேபெக் தானே சுருக்கிக் கிரெய்னைக் கரைத்துவிடும். இரண்டும் ஒரே ஃபிரேமாக இருக்க வேண்டும். உதடு, இமை, பின்னால் போகிறவரின் கால் ஆகியவற்றை வைத்துச் சரிபாருங்கள். நூறு சதவீத அளவில் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும். ஒரே ஒரு ஃபிரேமை நம்பாதீர்கள்: சுருக்கும்போது சில ஃபிரேம்கள் முழுதாகவும், மற்றவை பக்கத்து ஃபிரேமிலிருந்து உள்ள வேறுபாடாகவும் பதிவாகின்றன. அதனால் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குள்ளேயே தரம் ஏறி இறங்கும். ஐந்தாறு வேறு வேறு காட்சிகளாவது வேண்டும், அதில் ஒன்றாவது இருட்டுக் காட்சியாக இருக்கட்டும்.

எச்டிஆர் டிஸ்க்கின் படங்களை வைத்து வெளிச்சத்தையோ நிறத்தையோ எடைபோடவே கூடாது. சாதாரணத் திரையில் காட்டுவதற்காக ஒரு மென்பொருள் அதை மாற்றியிருக்கும். மங்கலாகவோ வெளிறியோ தெரிவது டிஸ்க்கின் நிறமே அல்ல. விவரம், கிரெய்ன், சட்டத்தின் அளவு ஆகிய மூன்றுக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

நிறம்

இதில் சண்டை ஓயாது. இன்றைய ரசனைக்கேற்ப நிழலை நீலப்பச்சையாகவும் தோலை ஆரஞ்சாகவும் மாற்றிய பழைய படங்கள் ஏராளம். படம் முழுக்க மஞ்சள் பூசியவையும் உண்டு. ஒளிப்பதிவாளரோ இயக்குநரோ ஒப்புதல் தந்தது என்று எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். அதுவே இறுதிச் சான்றல்ல. நாற்பது வருஷம் கழித்து மனதை மாற்றிக்கொண்ட இயக்குநர்களும் இருக்கிறார்கள். பழைய பிரின்ட்டைச் சாட்சிக்குக் கூப்பிடுவதும் ஆபத்து, ஈஸ்ட்மேன்கலர் பிரின்ட்கள் வயதாகும்போது நீலப்பச்சைச் சாயம் மங்கி இளஞ்சிவப்பாகிவிடும். எளிய சோதனை ஒன்று: பகல் வெளிச்சத்துக் காட்சியில் வெள்ளைச் சட்டை, மேகம், கண்ணின் வெள்ளை ஆகியவற்றைப் பாருங்கள். காட்சிக்குக் காட்சி இடம், நேரம் மாறியும் எல்லா வெள்ளையும் ஒரே சாயலில் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால், அந்தச் சாயம் மாஸ்டர் மேசையில் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம்.

பிட்ரேட் கணக்கு

மாஸ்டர் நன்றாக இருந்தும் அதைச் சின்ன டிஸ்க்கில் திணித்தால் வீண். ப்ளூரே 25 அல்லது 50 ஜிபி. 4கே டிஸ்க் 50, 66 அல்லது 100 ஜிபி. படம் டிஸ்க்கில் எடுத்துக்கொண்ட ஜிபியை 8000-ஆல் பெருக்கி, ஓடும் நொடிகளால் வகுத்தால் சராசரி பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குக் கிடைக்கும் தரவு, எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு மெகாபிட்) வரும். இரண்டு மணி நேரப் படம் 30 ஜிபி என்றால் 30 × 8000 ÷ 7200, அதாவது சுமார் 33. இதில் ஒலித் தடங்களும் அடக்கம்; சுருக்காத தரத்தில் மூன்று நான்கு மொழி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் சில எம்பிபிஎஸ் கழித்துக்கொள்ளுங்கள். கணினியில் ப்ளூரே டிரைவ் இருந்தால் பிடிஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இதைத் தடம் தடமாகப் பிரித்துக் காட்டும்.

ப்ளூரேயில் காணொளிக்கு மட்டும் 25 முதல் 35 வரை இருந்தால் கவலையில்லை. கிரெய்ன் நிறைந்த படம் 15-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். கிரெய்னைச் சுருக்குவது கடினம், ஏனென்றால் அது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுகிறது. இடம் போதாதபோது முதலில் பலியாவது அதுதான். புகை, பனிமூட்டம், இருட்டுச் சுவர், விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம் ஆகியவற்றில் சதுரக் கட்டங்களோ படிப்படியான பட்டைகளோ தெரியும். எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். கைதேர்ந்தவர் 25-ல் செய்வதை, ஏனோதானோவென்று செய்பவர் 35-லும் செய்யமாட்டார்.

மூன்று மணி நேரப் படத்தை 66 ஜிபி 4கே டிஸ்க்கில் போட்டிருந்தால் கவனமாக இருங்கள். முழு இடத்தையும் எடுத்துக்கொண்டாலும் சராசரி 49-ஐத் தாண்டாது. டிஜிட்டலில் எடுத்த வழவழப்பான படத்துக்கு அது ஏராளம். 35 எம்எம் இரவுக் காட்சிகளுக்கு இறுக்கம்.

எச்டிஆர்

சாதாரணப் படம் 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை மனதில் வைத்து நிறம் சரிசெய்யப்படுகிறது. எச்டிஆர் மாஸ்டர்கள் 1000 அல்லது 4000 நிட் திரையில் செய்யப்படுகின்றன. உங்கள் டிவி 300, 400 நிட்டிலேயே நின்றுவிடும் என்றால் மிச்சத்தை அது அமுக்கித்தான் காட்டும். சில சமயம் ப்ளூரேயைவிட மங்கலாகவே தெரியும். நல்ல ஓலெட்டோ, பகுதி பகுதியாகப் பின்னொளியைக் கட்டுப்படுத்தும் டிவியோ இருந்தால் எச்டிஆர்தான் 4கே டிஸ்க்கின் முதல் லாபம். கூடுதல் புள்ளிகளைக் காண நெருங்கி உட்கார வேண்டும்; இதை அறையின் எந்த மூலையிலிருந்தும் காணலாம்.

பெட்டியில் இரண்டு டிஸ்க் இருந்தால் கவனியுங்கள். 4கே டிஸ்க் புது மாஸ்டரில் இருக்கும். கூட வைத்திருக்கும் ப்ளூரே பத்து வருஷத்துக்கு முந்தைய அதே பழைய டிஸ்க்காக இருக்கலாம். 4கே பிளேயர் இல்லாமல், ‘எப்படியும் புது ப்ளூரே கிடைக்குமே’ என்று வாங்குபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எச்டிஆர் டிவி இல்லாதவர்களுக்கு, புது 4கே மாஸ்டரிலிருந்து தனியாக வரும் ப்ளூரேதான் உண்மையில் சிறந்த வாங்கல்.

ஒலி

டிவிடியின் டால்பி டிஜிட்டல் அதிகபட்சம் 448 கேபிபிஎஸ். ப்ளூரேயில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ, பிசிஎம் என்று எதையும் இழக்காத தடங்கள் கிடைக்கும். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் இது தெளிவாகக் கேட்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர் டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலிக்கும் கலவை) முத்திரைக்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

பழைய படங்களில் தரத்தைவிட முக்கியமான கேள்வி வேறு: அசல் ஒலிக்கலவை இருக்கிறதா? 1984-ல் மோனோவில் (ஒற்றைத் தடம்) வந்த டெர்மினேட்டருக்குப் பின்னால் செய்த 5.1 (ஆறு தட) கலவையில் துப்பாக்கிச் சத்தங்களையே மாற்றிவிட்டார்கள்; ப்ளூரே காலத்தில் அசல் மோனோ நெடுநாள் கிடைக்காமல் இருந்தது. 1970, 80களின் படம் என்றால் பின்னட்டையில் ‘அசல் மோனோ’ அல்லது ‘அசல் ஸ்டீரியோ’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சட்டம், நீளம், பதிப்பு

1920×1080 சட்டத்துக்குள் 2.39 விகிதப் படம் சுமார் 803 வரி உயரம் பிடிக்க வேண்டும். 1.85 என்றால் 1038 வரி. 1.37 படம் என்றால் இருபக்கமும் கறுப்போடு சுமார் 1480 புள்ளி அகலம். 2.39-ல் வெளியான படம் திரையை முழுதாக நிறைக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். பக்கங்களை வெட்டியிருக்கலாம், அல்லது தியேட்டரில் மறைத்திருந்த மேல், கீழ்ப் பகுதியைத் திறந்து விட்டிருக்கலாம்.

ஓடும் நேரம் குறைந்திருந்தால் உடனே ‘வெட்டிவிட்டார்கள்’ என்று முடிவுகட்டவும் வேண்டாம். பால் டிவிடி நொடிக்கு 24 ஃபிரேமை 25-ஆக ஓட்டும். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். பல டிஸ்க்குகளில் குரலும் பாட்டும் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தூக்கலாகக் கேட்கும். சங்கீதக் காது உள்ளவர்களுக்கு இது ஒன்றே 24 ஃபிரேம் ப்ளூரேக்கு மாறப் போதுமான காரணம். இந்தக் கணக்குக்கு ஒத்துவராத நேர வித்தியாசம்தான் சந்தேகத்துக்குரியது.

தியேட்டரில் வந்த பதிப்பு, நீட்டிய பதிப்பு, இயக்குநர் பதிப்பு என்று மூன்று இருக்கும் படத்தில், புது டிஸ்க்கில் எது இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பழைய டிஸ்க்கின் வர்ணனைத் தடம், உங்களுக்கு வேண்டிய மொழியின் சப்டைட்டில் இரண்டும் உரிமப் பிரச்சினையால் புதியதில் காணாமல் போவது சகஜம். மண்டலக் குறியீடும் (எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) உண்டு: 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, ஆனால் அதே பெட்டியில் உள்ள ப்ளூரே ஏ, பி, சி என்று பூட்டியிருக்கலாம்.

உங்கள் நாற்காலி எவ்வளவு தூரத்தில்?

சாதாரணக் கூர்மையுள்ள கண்ணுக்கு ஓர் எளிய கணக்கு. டிவியின் அங்குல அளவை 4-ஆல் பெருக்குங்கள். வரும் சென்டிமீட்டருக்குள் உட்கார்ந்தால்தான் 1080-க்கு மேற்பட்ட விவரம் கண்ணில் படத் தொடங்கும். 55 அங்குலத்துக்கு 2.2 மீட்டர், 65-க்கு 2.6, 100 அங்குலப் புரொஜக்டர் திரைக்கு 4 மீட்டர். டிவிடியின் 480 வரிகளுக்கு இதே கணக்கை 9-ஆல் போடுங்கள்: 55 அங்குல டிவிக்கு ஏறக்குறைய 5 மீட்டர். அதனால்தான் டிவிடியிலிருந்து மாறுவது எந்த அறையிலும் தெரிகிறது, 4கே எல்லா அறையிலும் தெரிவதில்லை.

இனி முடிவு

டிவிடியோ 2009-க்கு முந்தைய ப்ளூரேயோ கையில் இருந்து, புதியது நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன், கிரெய்ன் தொடப்படவில்லை, அசல் ஒலி உண்டு என்றால் தயங்காமல் மாற்றலாம். நல்ல ப்ளூரே இருந்து, படம் 2கேயில் முடித்தது, உங்கள் டிவியின் எச்டிஆர் சுமார் என்றால் விட்டுவிடுங்கள். நடுவில் நிற்கும் படங்களுக்கு முன்பதிவு செய்யாமல் வெளியாகி மூன்று நான்கு வாரம் பொறுப்பதுதான் சரி. ஒப்பீட்டுப் படங்களும் குறைகளும் அதற்குள் வெளிவந்துவிடும். எண்ணிக்கை குறைந்த சிறப்புப் பதிப்பு என்ற அவசரத்தில் விழாதீர்கள். பெரும்பாலும் தீர்ந்துபோவது அட்டைப்பெட்டிதான், உள்ளே உள்ள டிஸ்க் சாதாரணப் பதிப்பாக மறுபடி வரும்.

டிஸ்க் வந்ததும் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் முழுப்படத்தையும் ஓட்டிவிடுங்கள். 66, 100 ஜிபி டிஸ்க்குகளில் விரல் ரேகையும் பசைத் துளியும்கூடப் படத்தை உறைய வைக்கும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். துடைத்தும் அதே நொடியில் உறைந்தால் டிஸ்க் பழுது. வேறு வேறு இடத்தில் உறைந்தால் பிளேயரைச் சந்தேகப்படுங்கள், அதன் மென்பொருளைப் புதுப்பித்துப் பாருங்கள். டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் ஊதா சாயலில் இருந்தால் அது தொழிற்சாலையில் அச்சடித்ததல்ல, எரித்த பிரதி.

குறையுள்ள டிஸ்க்கை நிறுவனம் சத்தமில்லாமல் திருத்தி மறுபடி அச்சடிப்பதும் நடக்கும். பெட்டி, பார்கோடு எல்லாம் மாறாமலே இருக்கலாம். டிஸ்க்கின் அடிப்பக்கம் நடுத்துளையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் பழைய அச்சா திருத்திய அச்சா என்று தெரிந்துவிடும். பழையது என்றால் ரசீதோடு வெளியீட்டாளருக்கு எழுதுங்கள், மாற்று டிஸ்க் அனுப்புவது வழக்கத்தில் உண்டு. அது வந்து ஓட்டிப் பார்க்கும்வரை உங்கள் பழைய டிவிடியையோ ப்ளூரேயையோ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.